நிச்சயத்துக்கு வந்து சேராத கார்

காவேரிப்பட்டினம்

மரியாதைக்குரிய சம்பந்தி பூபதி அவர்களுக்கு, கிருஷ்ணப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் சரோஜம்மாளும் மகள் சுப்ரியாவும் நலம். தங்கள் வீட்டிலும் கோபம் ஒன்றைத் தவிர மற்றபடி எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

ஞாயிறன்று தாங்கள் ஓசூர் மண்டபத்தில் உறவைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க, பெண் வீட்டார் நாங்கள் நிச்சயத்துக்கு வராமல் போனதற்குக் காரணம் நாங்கள் அல்ல, என் அண்ணன் மகன் மாதேஷின் புதுக் காரில் வழி சொல்லும் மேப்தான். கிளம்பியதுமே அது போச்சம்பள்ளிக்குப் போகச் சொன்னது. ஓசூர் ஒரு பக்கம், போச்சம்பள்ளி எதிர்ப்பக்கம். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலமாயிற்றே, அதற்காகத்தான் கிழக்கே போய்த் திரும்புகிறது, சாஸ்திரம் தெரிந்த மேப் என்று மெச்சிக்கொண்டேன். சரோஜம்மாள், "வாயில துண்டு வெல்லத்தைப் போட்டுக்கினு நேரா போயிருக்கலாமே" என்றாள். அவள் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்? கிருஷ்ணகிரி வந்ததும் ராயக்கோட்டைப் பக்கம் திரும்பச் சொன்னது. "சித்தப்பா, சூளகிரிகிட்ட டிராபிக் போல, அதான் சுத்தி உடுது" என்றான் மாதேஷ். விஞ்ஞானத்தை எதிர்த்துப் பேச நான் யார்? அப்புறம் தேன்கனிக்கோட்டை, அப்புறம் காடு, அப்புறம் அஞ்செட்டி. நிச்சயத் தட்டில் இருந்த பூவெல்லாம் வாடிப்போச்சு. மாடு மேய்த்த அம்மாள் ஒருத்தியிடம் வழி கேட்டால், "ஓசூரு ஹிந்தேனே ஹோய்த்தல்லப்பா" என்று கன்னடத்தில் சிரிக்கிறாள். ஓசூர் பின்னாலேயே போய்விட்டதாம். தங்களுக்குப் போன் போடலாம் என்றால் அங்கே சிக்னலும் இல்லை, அதற்குள் முகூர்த்தமும் தாண்டிப்போச்சு.

பெண் கொடுக்க இஷ்டமில்லாமல்தான் நாங்கள் வரவில்லை என்று தாங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டு மனசு விட்டுப்போச்சு. ஆனந்த் மாதிரி மாப்பிள்ளை கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சுப்ரியாவுக்குப் பரிபூரண சம்மதம். வழி முழுக்க வாயே திறக்காமல் அடக்கமாக வந்தாள். அடுத்த முகூர்த்தம் பார்த்துச் சொல்லுங்கள், பஸ்ஸிலேயே வந்து சேர்கிறோம்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி.

இப்படிக்கு,
கிருஷ்ணப்பன்

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லி இதை சுப்ரியாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சொன்னாள்: "டிராபிக்கும் இல்ல, சூலமும் இல்லப்பா. கார் ஸ்கிரீன்ல ஓடுனது என் போன் மேப்பு. பின்னால உக்காந்துக்கினு நாந்தான் போற வழியில ஒவ்வொரு ஊரா சேத்தேன். மாப்பிள்ளைய புடிச்சிருக்கான்னு வீட்ல ஒருத்தரும் என்னைக் கேக்கல. அந்த மேப்பு ஒவ்வொரு வாட்டியும், வழிய மாத்தலாமான்னு என்னைக் கேட்டுட்டுதான் மாத்துச்சு."

இன்றுதான் கேட்டேன். பிடிக்கவில்லை என்றாள். தாங்கள் அடுத்த முகூர்த்தம் பார்க்க வேண்டாம்.