ஸ்கேல் போட்ட கோடு

சமையலறை பன்னிரண்டாம் வார்டிலும் கூடம் பதிமூன்றாம் வார்டிலும் இருப்பதாக மனைவி வந்து சொன்னபோது, ஸ்கேல் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

“யார் வீட்டுச் சமையலறை?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“நம்ம வீடுதாங்க. நகராட்சி வாசல்ல ஒட்டியிருக்கற படத்தப் பாத்துட்டு வந்து தையல் வகுப்புப் பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு. நான் அடுப்பப் பத்த வெச்சா ஒரு கவுன்சிலராம், நீங்க நாற்காலில உக்காந்தா வேற கவுன்சிலராம்.”

சோப்பு கண்ணுக்குள் இறங்கியது. அந்தப் படத்தை வரைந்தவரே அவர்தான்.

அவருக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்தது நகராட்சி அலுவலகம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் நினைவுக்கு வரும். வரைபடப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து அவர் கோணலாக ஒரு கோடு போட்டதில்லை. வீட்டில் போர்வை மடித்தால்கூட ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்க வேண்டும். பேச்சும் அளந்துதான். மாலையில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் விளக்குப் போடும்வரை வாயைத் திறக்க மாட்டார். மனைவி அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. மாடியில் அவள் நடத்தும் தையல் வகுப்பில் வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசிவிடுவார்கள்.

இப்போது அவருடைய நகராட்சியையும் பக்கத்து நகராட்சியையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கியிருந்தார்கள். ஊர்கள் இரண்டும் ஒன்றானதில் யாருக்கும் கஷ்டமில்லை. கஷ்டம் நாற்காலியில் வந்தது. இரண்டு நகராட்சியிலும் வரைபடம் போடத் தனித்தனி டிராஃப்ட்ஸ்மேன் இருந்தார்கள்; புதிய மாநகராட்சிக்குத் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் போதும். புதிய வார்டுகளை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்; எல்லைகளை ஒழுங்காகப் போட்டு முடிப்பவருக்கு அந்த நாற்காலி. மற்றவர் தகரக் கூரை போட்ட குழாய் ஸ்டோருக்குப் போய்க் குடிநீர்க் குழாய்களுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். போட்டியாளரை எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொன்னார்கள். ஊர் ஒன்றான பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

முகம் துடைத்த கையோடு ஸ்கேல் அலுவலகத்துக்கு ஓடிப் படத்தைப் பார்த்தார். கோட்டில் தப்பே இல்லை. அதுதான் தப்பு. இரண்டு ஊருக்கும் நடுவே ஓடிய பழைய கால்வாயையே பன்னிரண்டாம் வார்டின் எல்லையாக அவர் வைத்திருந்தார். வரைபடத்தில் கால்வாய் நீலமாக, அழகாக, நேராக ஓடியது. தரையில் அதை அவர் பிறப்பதற்கு முன்பே மண் போட்டு மூடி, மேலே வீடு கட்டிவிட்டார்கள். அப்படிக் கட்டிய வீடுகளில் ஒன்றில்தான் அவர் கல்யாணமான நாள் முதல் குடியிருக்கிறார். காகிதத்தில் இருந்து கால்வாயை அழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. உத்தரவு வராததை அவர் அழித்ததும் இல்லை, அது இல்லையென்று நினைத்ததும் இல்லை.

ஆட்சேபணை சொல்ல மக்களுக்கு ஒரு மாதம் அவகாசம் இருந்தது. அதற்குள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று கோட்டைத் தன் வீட்டின் மேலிருந்து தூக்கித் தெருவின் நட்டநடுவே வைத்தார். தெருவும் நேர், கோடும் நேர். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மாலை இஸ்திரிக்காரர் வீடு தேடி வந்தார்.

“காலைல என் வண்டி தெருவுக்கு இந்தப் பக்கம் நிக்குதுங்க ஐயா. மத்தியானம் நிழல் மாறினதும் அந்தப் பக்கம் தள்ளிட்டுப் போறேன். அப்போ பாதி நாளைக்கு எனக்கு ஒரு கவுன்சிலர், மீதி நாளைக்கு வேற ஒருத்தரா?”

“வண்டி எங்க நிக்குதுன்னு பாக்க மாட்டாங்க. நீங்க எங்க குடியிருக்கீங்களோ அதான் கணக்கு.”

“குடியிருக்கறதே வண்டியோடதானுங்களே. வீட்டுக்குப் போறது தூங்கத்தான்.”

அந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருப்பது ஸ்கேலுக்குத் தெரிந்தது. எடுத்துச் சொல்லத்தான் வரவில்லை. இஸ்திரிக்காரரும் பதில் வாங்காமல் எழுந்திருப்பதாக இல்லை. மனைவி கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தெருவின் இரண்டு பக்கமும் ஒரே வார்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதாக ஸ்கேல் சொன்னார்.

“பாவம், வெயில்ல நிக்கறவரு,” என்றாள் மனைவி. டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அலுவலக விஷயத்தில் அவள் அதற்குமேல் தலையிடுவதே இல்லை.

கோடு பின்தெருவுக்குப் போனது. அங்கே ரொட்டிக் கடைக்காரர் காத்திருந்தார். அவருடைய கடை முன்தெருவைப் பார்த்திருந்தது, அடுப்பு பின்தெருவில் இருந்தது. ரொட்டி ஒரு வார்டில் வெந்து இன்னொரு வார்டில் விற்பதை எந்த நியாயவான் ஒப்புக்கொள்வான் என்று கேட்டார். கேட்கும்போது அவர் கையில் நீளமான ரொட்டிக் கரண்டி இருந்தது. ஸ்கேல் அடுப்பைச் சுற்றிக் கோட்டை ஒரு கொக்கியாக வளைத்தார். வாழ்க்கையில் அவர் போட்ட முதல் வளைவு அது. பழக்கமில்லாததால் கொக்கி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அந்தக் கொக்கிக்குப் பின்னால் நர்சுகள் குடியிருப்பு மாட்டிக்கொண்டது. மூத்த நர்ஸ் ஒருத்தி வேலை முடிந்த கையோடு, காலணியைக்கூடக் கழற்றாமல், வாசலிலேயே நின்று பேசினாள். மூன்று பக்கமும் பன்னிரண்டாம் வார்டு, தாங்கள் மட்டும் பதிமூன்று. தெருவிளக்கு எரியாவிட்டால் அடுத்த வார்டைத் தாண்டிப் போய்த்தான் தங்கள் கவுன்சிலரைப் பார்க்க முடியும். நோயாளியிடம் பேசுவதுபோல் பொறுமையாகப் பேசினாள். ஸ்கேலுக்குத் தான் பிழைக்க மாட்டோம் என்றே தோன்றியது. கோட்டைக் கழுத்துப்போல நீட்டிக் குடியிருப்பையும் உள்ளே இழுத்தார்.

அதோடு வார்டு பருத்துவிட்டது. எல்லா வார்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள் இருக்க வேண்டும் என்பது விதி. யாரையாவது இறக்கிவிட்டே ஆக வேண்டும். யாரை இறக்கினாலும் அவர்கள் நாளைக்கு வாசலில் வந்து நிற்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்கேல் தலையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“வார்டுல ஆள் அதிகமாயிடுச்சு.”

அவள் நூலை நாக்கில் தொட்டு, கண்ணைச் சுருக்கி, ஊசிக்குள் நுழைத்தாள்.

“கட்டில்ல எடம் பத்தலன்னா பெரிய ஆளா ஒருத்தர எழுப்பி விடுவாங்க. சின்னதுங்கள ஒவ்வொண்ணா யாரு எழுப்பிக்கிட்டு இருப்பா?”

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஸ்கேலுக்குப் பளிச்சென்று தெருமுனை அடுக்குமாடிக் கட்டடம் கண்ணில் பட்டது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். அடுத்த நொடியே அதில் குடியிருக்கும் ஜெனரலும் நினைவுக்கு வந்தார்.

ஜெனரல் எந்தப் படையிலும் இருந்தவரில்லை. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு நிரந்தரத் தலைவர். காலையில் நடக்கப் போகும்போது கழுத்தில் விசில் தொங்கும். பன்னிரண்டாம் வார்டுக்கு அடுத்த கவுன்சிலர் தான்தான் என்று முடிவு செய்து, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் இப்போதே கை குவித்துக்கொண்டிருந்தார். அவரை எதிர்த்து நிற்கும் எண்ணமே அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

ஆனாலும் விதி விதிதான். ஸ்கேல் கட்டடத்தைப் பதினோராம் வார்டுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு நாள் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் விசில் சத்தம் அவரைப் பின்னாலிருந்து பிடித்தது. திரும்பினார். ஜெனரல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

“பெரிய உபகாரம் பண்ணீங்க தம்பி. பெரிய பூங்கா பதினோராம் வார்டுலதான் வருது. பூங்கா இருக்கற வார்டுலேர்ந்துதான் துணை மேயர் எடுப்பாங்களாம். நம்பகமான எடத்துலேர்ந்து வந்த செய்தி.”

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இருப்பதாக ஸ்கேல் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொல்லி நல்ல கைக்குலுக்கலைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

கட்டடம் போனதில் வார்டு கொஞ்சம் இளைத்துவிட்டது. ஈடுகட்ட ரயில் பாதையோரம் ஒரு வரிசை வீடுகளைச் சேர்த்தார். உடனே அந்த வரிசையிலிருந்து ஒரு மருமகள் வந்தாள். தன்னைச் சேர்த்தது சந்தோஷம், அடுத்த வீட்டில் இருக்கும் மாமியாரைச் சேர்த்ததுதான் வருத்தம் என்றாள். ஒரே வார்டென்றால் ஒரே வாக்குச்சாவடி, ஒரே வரிசை. அங்கேயும் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டுமா? குடும்பச் சண்டைக்கெல்லாம் எல்லை போட முடியாது என்று ஸ்கேல் கறாராகச் சொல்லி அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து மாமியார் வந்தார். அவருடைய கோரிக்கையும் அதேதான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாக இருக்கும் என்று தோன்றியதால் ஸ்கேல் மறுக்கவில்லை. கோடு ஒரே ஒரு வீட்டைச் சுற்றிப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

திருத்திய படம் அச்சாகி வந்தபோது அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். வரிப் பிரிவில் அதைத் தேநீர்க் கெட்டில் என்றார்கள். சுகாதாரப் பிரிவில் கோழி என்றார்கள். பக்கத்து ஊர்க்காரர் கையில் தேநீரோடு வந்து நிதானமாகக் குனிந்து பார்த்தார். அவர் பங்குக்கு வந்த வார்டுகள் எல்லாம் பெட்டி அடுக்கினதுபோல் இருந்தன.

“என்ன சார் இது, ஒட்டகம் உக்காந்திருக்கு?”

“பன்னிரண்டாம் வார்டு.”

“கழுத்து எங்க போகுது?”

“நர்சுகள் குடியிருப்புக்கு.”

“நல்லது. ஒட்டகத்துக்கு ஏதாவதுன்னா பாத்துக்குவாங்க.”

அன்று மாலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், விளக்குப் போடும் முன்பே வாயைத் திறந்தார். குழாய் ஸ்டோருக்குத்தான் போகப் போகிறேன் என்றார்.

“போனாப் போங்க,” என்றாள் மனைவி. “குழாயும் நேராத்தானே இருக்கு.”

அவர் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை.

மாநகராட்சி ஆணையர் முன்னிலையில் ஆட்சேபணைகள் மீது விசாரணை நடந்தது. ஆணையர் குறைவாகப் பேசும் பெண்மணி. அவர் மௌனமாக இருந்தால் எதிரில் இருப்பவர்கள் கேட்காத தப்பையெல்லாம் ஒப்புக்கொள்வார்கள் என்று பெயர். மேஜையில் படத்தை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒட்டகத்தின் மேல் விரலை வைத்தார். விரல் எல்லைக் கோட்டைத் தொடர்ந்து மெல்ல நகர்ந்தது. அடுப்பைச் சுற்றியது, கழுத்தில் ஏறி இறங்கியது, மாமியார் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஸ்கேலுக்குத் தன் முதுகின் மேலேயே அந்த விரல் ஊர்வதுபோல் இருந்தது. வெளியே மற்ற வார்டுக்காரர்கள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெட்டி பெட்டியான வார்டுகள் எதிலும் யாருக்கும் திருப்தியில்லை. பள்ளிக்கூடம் போய்விட்டதாம், சந்தை போய்விட்டதாம். ஒரு தெருவே தன்னைக் காணோம் என்று வந்திருந்தது.

“இந்த வார்டுக்கு எத்தன ஆட்சேபணை பாக்கி இருக்கு?” என்று ஆணையர் கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க மேடம்.”

“ஒண்ணுகூடவா?”

“அடுத்த வார்டுக்குப் போனவங்ககூடச் சந்தோஷமாத்தான் போயிருக்காங்க மேடம்.”

ஆணையர் மறுபடி மௌனமானார். பக்கத்து ஊர்க்காரர் தேவையில்லாமல் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டு ஊர்லயும் சேத்து சண்டை இல்லாத வார்டு இது ஒண்ணுதான்,” என்றார் ஆணையர். “எப்படி முடிஞ்சுது உங்களால?”

ஸ்கேல் தலையைக் குனிந்துகொண்டார். இருந்தாலும் குரலில் ஒரு கம்பீரம் வந்துவிட்டது. “கோடு போடறதுக்கு முன்னாடி மனுஷங்களக் கேட்டேன் மேடம்.”

தேர்தல் தேதி அறிவித்த அதே வாரம், தலைமை டிராஃப்ட்ஸ்மேன் உத்தரவு அவர் கைக்கு வந்தது. பக்கத்து ஊர்க்காரர் பெருந்தன்மையாகக் கை கொடுத்துவிட்டுக் குழாய் ஸ்டோருக்குப் போனார். ஸ்கேல் அன்று நேர்வழியை விட்டுவிட்டு, தான் வளைத்த எல்லையை ஒட்டியே வீட்டுக்கு நடந்தார். ரொட்டிக் கடைக்காரர் உள்ளிருந்து கையசைத்தார். நர்ஸ் ஒருத்தி சிரித்துவிட்டுப் போனாள். இத்தனை பேர் மனதையும் தனியொரு ஆளாகப் படித்துவிட்டோமே என்று அவருக்கே வியப்பாக இருந்தது. புதிதாகச் சேரும் டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டும். பாடத்துக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் மனைவியை உட்கார வைத்து, அலுவலகம் என்றால் என்ன, ஜனங்கள் என்றால் என்ன என்று முதல்முறையாக விளக்கிச் சொல்ல வேண்டும். பாவம், அவளுக்கு ஊசியும் நூலும் தவிர என்ன தெரியும்.

தெருமுனையில் இஸ்திரிக்காரர் கூப்பிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு புடவையை இரண்டு கையாலும் நீட்டினார்.

“பாத்துக் கொண்டு போங்க ஐயா, நாளைக்கு உங்க வீட்டம்மா தேர்தலுக்கு மனு போடப் போறப்ப கட்டிக்கப்போற புடவ, மாடியில எங்களையெல்லாம் உக்கார வெச்சு, யாரு வந்து உங்ககிட்ட எந்தக் கோட்டக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, கவுன்சிலர் ஆனாலும் இஸ்திரி நம்மகிட்டதான்னு.”