இருபத்தைந்துக்கு எட்டு வாங்கிய குடும்பம்

பேரன்புக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் பெண்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். எங்கள் மாதச் செலவுத் திட்டத்துக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. அங்கு நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போன கடிதத்தில் நீ மூன்று கேள்வி கேட்டிருந்தாய். கட்டணம் எப்படிக் கட்டுகிறேன், சாப்பாடு எப்படி நடக்கிறது, எனக்குப் புத்தி எப்படி இருக்கிறது. மூன்றுக்கும் பதில் ஒரே சம்பவத்தில் இருக்கிறது. கொஞ்சம் நீளும், உட்கார்ந்து படி.

பத்தொன்பது வருடம் நான் இயந்திரம் ஓட்டிய அச்சகத்தை மூடியதும், நாற்பத்து மூன்று வயதில் கணக்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்ததும் உனக்குத் தெரிந்த கதை. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பேராசிரியர் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்; நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்ததை அவர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மனைவி பல் மருத்துவமனை வரவேற்பில் வாங்கும் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. கட்டணத்தில் பாதியைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்கிறது, சராசரி அறுபது மதிப்பெண்ணுக்குக் கீழே போகாதவரைக்கும். போனால் முழுக் கட்டணம். முழுக் கட்டணம் என்றால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்படி இருக்கையில் சென்ற மாதம் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். 'நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு மாதச் செலவுத் திட்டம் தயாரிக்கவும்.' அக்கா, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். நீச்சல் தேர்வில் மீனை உட்காரவைத்த மாதிரி. மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கையில், வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளை அப்படியே பிரதியெடுத்துக் கொடுத்துவிட்டு, இருபத்தைந்துக்கு இருபத்தைந்து என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டேன். தாள் திரும்பி வந்தது. எட்டு. கீழே சிவப்பு மையில், 'கற்பனைக்கும் ஓர் எல்லை உண்டு. இவ்வளவு குறைந்த செலவில் எந்தக் குடும்பமும் வாழ முடியாது. யதார்த்தத்தைக் கவனிக்கவும்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உட்காரும் பையன், எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பவன், தன் திட்டத்தில் உடற்பயிற்சிக் கூடமும் நாய்க்கு முடிவெட்டும் செலவும் சேர்த்திருந்தான். அவனுக்கு இருபத்து மூன்று மதிப்பெண். எனக்கு ஆறுதல் சொல்ல வேறு வந்தான். "அங்கிள், ஃபீல் பண்ணாதீங்க. ஃபேமிலி வாழ்க்கைன்னா என்னன்னு தெரியாம எழுதினா அப்படித்தான் வரும்."

எட்டு மதிப்பெண்ணால் என் சராசரி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. சரி, ஆசிரியையை நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று, ஒன்றரை வருடத்து ரசீதுகளைச் செருப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவருக்கு முப்பத்து மூன்று வயதிருக்கும். மாணவர்கள் வைத்த பெயர் 'சிவப்புப் பேனா'. அன்றைக்கென்று பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து மதியமே விட்டுவிட்டதால் பெண்கள் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் சின்னவள், ஆறு வயதுக்குரிய மரியாதையோடு, "எங்கப்பாவுக்கு எட்டு போட்டது நீங்களா?" என்று கேட்டாள். பேச்சுவார்த்தை அங்கிருந்து தொடங்கியது.

"மேடம், இது கற்பனை இல்லை. எங்க வீடு" என்று பெட்டியைக் கவிழ்த்தேன். அவர் மேசையையும் என்னையும் பார்த்தார். கால்குலேட்டரை எடுத்தார். நாற்பது நிமிடம், அக்கா! ஒவ்வொரு ரசீதாக. சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் பெரியவள் வழக்கறிஞர் மாதிரி குறுக்கே வந்தாள். பன்னிரண்டு வயதில் இந்த வாய் யாருக்கு வரும் என்று நீயே யோசித்துக்கொள்.

"ரொட்டி எப்படி இந்த விலைக்கு வரும்?"

"கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது போனா பாதி விலை மிஸ்."

"முடிவெட்டுற செலவே இல்லையே?"

"அம்மா வெட்டுவாங்க. அப்பா தலையைப் பாருங்க, தெரியும்."

பார்த்தார். தெரிந்தது போலிருந்தது. கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கூட்டல் எல்லாம் சரியா இருக்கு. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்தார். "ஆனா ஒண்ணு புரியலை. நாலு பேர்னு போட்டிருக்கீங்க. மதியச் சாப்பாடு மூணு பேருக்குத்தான் இருக்கு. பஸ் பாஸும் மூணுதான். நாலாவது ஆள் எங்கே?"

"அச்சுப்பிழையா இருக்கும் மேடம்" என்றேன். பத்தொன்பது வருடம் அச்சகத்தில் இருந்தவனுக்கு வேறென்ன சொல்ல வரும்?

"அப்பா மீட்டிங்ல சாப்பிடுவாங்க" என்றாள் சின்னவள், பெருமையாக.

இனி உன்னிடம் மறைத்துப் பயனில்லை. இங்கே துறைக்குத் துறை கருத்தரங்கு நடக்கும். வாசலில் தேநீரும் பிஸ்கட்டும் வைப்பார்கள். உள்ளே வருபவன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அறிவு வளர்ந்த மாதிரியும் ஆச்சு, வயிறு நிறைந்த மாதிரியும் ஆச்சு என்று நான் போய்க்கொண்டிருந்தேன். மண்புழுவைப் பற்றி மட்டும் மூன்று கருத்தரங்கு கேட்டிருக்கிறேன். மூன்றாவதில் பேச்சாளர், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டபோது, வாயில் பிஸ்கட் இருந்ததால் தலையை ஆட்டித் தொலைத்தேன். கேள்வி இருக்கிறது என்று நினைத்து எழுந்து நிற்க வைத்துவிட்டார்கள். "மழை பேஞ்சா அது ஏன் சார் வெளியே வருது?" என்றேன். அந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம், இருபது நிமிடம் பதில் சொன்னார். அன்றிலிருந்து உயிரியல் துறை எனக்குத் தனியாக அழைப்பு அனுப்புகிறது.

இதைச் சொன்னதும் சிவப்புப் பேனா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெரியவள் சிரிக்கவில்லை. "அப்ப பஸ்ஸு?" என்றாள். "லைப்ரரிக்குப் போகணும்னு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புவீங்களே, அது நடந்து போறதுக்கா?" காலைக் காற்று உடம்புக்கு நல்லது, வைத்தியரே சொன்னார் என்று ஏதோ சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், சிதறிய ரசீதுகளை ஒவ்வொன்றாகத் தேதி வாரியாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அக்கா, அந்த எட்டு மதிப்பெண்கூட என்னை அப்படிச் சுடவில்லை.

ஆசிரியை தாளை என்னிடம் நீட்டினார். "உங்களையும் சேர்த்து எழுதுங்க. இங்கேயே." எழுதினேன். சாப்பாடு, பஸ், ஒரு ஜோடி செருப்பு. கூட்டினால் மாதக் கடைசியில் துண்டு விழுந்தது. "மேடம், இப்ப வரவுக்கு மேல செலவு போயிடுச்சே" என்றேன். "இப்பத்தான் உண்மையா இருக்கு" என்று சொல்லி எட்டை அடித்துப் பத்தொன்பது போட்டார். சராசரி அறுபதைத் தாண்டிவிட்டது. பிறகு, பிள்ளை குட்டியோடு படிப்பவர்களுக்கென்று பஸ் பாஸும் மதிய உணவுச் சீட்டும் தரும் நிதி ஒன்று இருப்பதாகவும், மூன்று வருடமாக ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை என்றும் சொன்னார். எப்படி விண்ணப்பிப்பார்கள்? அந்த அறிவிப்பின் மேல் யாரோ கிடார் வகுப்பு விளம்பரத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

மாணவர் நலப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் படிவத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா கையெழுத்து?" என்றார்.

"அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு சார். அம்மாவும் இல்லை."

"அப்ப பாதுகாவலர் போடணும்."

"எனக்கு நாற்பத்து நாலு வயசு. நானே ரெண்டு பேருக்குப் பாதுகாவலர்."

"அது வேற கட்டம். இந்தக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"நான் போடட்டுமா?" என்று பெரியவள் கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, பதினெட்டு ஆகியிருந்தால் தாராளமாகப் போடலாம் என்றார். ஆகவே அக்கா, இத்துடன் படிவத்தை இணைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேரும்படி அனுப்பு. 'மாணவரின் நடத்தை' என்ற இடத்தில் நல்லதாக இரண்டு வார்த்தை எழுது. எட்டாம் வகுப்பில் உன் கைக்கடிகாரத்தை விற்றுச் சினிமாவுக்குப் போனதை இப்போது கிளறாதே.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். மனைவி, "இத்தனை நாளா மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். பிஸ்கட் என்றேன். "என்ன பிஸ்கட்?" "துறைக்குத் துறை மாறும்." மறுநாள் காலையில் சமையல் மேடையில் மூன்று டப்பாவுக்குப் பதில் நாலு டப்பா இருந்தது. நாலாவதின் மூடியில் பெரியவள் கையெழுத்தில் 'அங்கிள்' என்று எழுதியிருந்தது.

ஆகவே உன் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். அனுபவத்தில் சொல்கிறேன், நம் குடும்பத்தில் இனி யாருக்கும் இந்த வயதில் படிப்பு வேண்டாம். புத்தகம் வேண்டாம், தேர்வு வேண்டாம், சிவப்பு மை வேண்டவே வேண்டாம். தலை நரைத்தபின் படிக்கப்போகிறேன் என்று யாராவது உன்னிடம் வந்து நின்றால், ஈவு இரக்கம் பார்க்காமல் கதவைச் சாத்திவிடு.

பெண்கள் இருவரும் உன்னை மிகவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். அத்தை என்று சொல்ல வேண்டியதைச் சின்னவள் இன்னும் பெரியம்மா என்றுதான் சொல்கிறாள். உன் முழங்கால் வலி குறைந்து, உன் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
இரண்டாம் ஆண்டு, கணக்கியல்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அத்தான் போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து முதல் தவணைக் கட்டணமும் கட்டிவிட்டாராம். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். "நீ சொன்னா உங்க அக்கா கேப்பா. இந்த வயசுல படிக்கிறது எவ்வளவு நல்லதுன்னு விவரமா ஒரு லெட்டர் போடுடா" என்றார். இவ்வளவையும் திரும்ப எழுத எனக்கு நேரமில்லை, நாளைக்குத் தேர்வு. ஆகவே மேலே 'வேண்டாம்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'வேண்டும்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.