தாய்மாமனைப் பிடித்துக்கொடுத்த ஆன்ட்டி வைரஸ்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
9-5-2010

அன்புள்ள மைத்துனர் சவுரிராயன் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் இன்னாசிராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்காள் ஞானமேரியும் கல்யாணப் பெண் சகாய பிரியாவும் ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை. சென்னையில் தாங்கள் நலம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. நேற்றுத் தொலைபேசியில் தங்கள் குரலில் ஒரு குறைவும் இல்லை.

"கார்டுல எடம் இல்லாதவனுக்குப் பந்தியில எதுக்குக்கா எலை?" என்று தாங்கள் கேட்டது, ரிசீவர் ஞானமேரியின் காதில் இருந்தபோதும், கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. வருகிற பத்தொன்பதாம் தேதி கல்யாணம். அதற்கு முதல் நாள் மாலை நலங்கு. முதல் மாலையைத் தாய்மாமன்தான் போட வேண்டும். மாமா வராவிட்டால் நலங்குக்கு உட்கார மாட்டேன் என்று பிரியா சொல்லிவிட்டாள். ஆகவே, பத்திரிகையில் "தாய்மாமன்" என்று போட்டு, முக்காற்புள்ளியும் வைத்து, அதற்குப் பிறகு வெறும் காகிதமாக விட்டது எப்படி என்பதைத் தாங்கள் பொறுமையோடு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குற்றம் என்னுடையதல்ல. பாதி தங்களுடையது. மீதிப் பாதி, ஞானமேரியின் தங்கை லூசியாவின் கணவரும் என் சகலையுமான விழுப்புரம் தேவசகாயத்துடையது. பொங்கலுக்கு வந்தபோது தாங்கள் என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, "என்னா மாமா, கதவே இல்லாத வூடு மாதிரி வச்சிக்கினு கீறீங்க?" என்று சொல்லி ஓர் ஆன்ட்டி வைரஸைப் போட்டுவிட்டுப் போனீர்கள். நான் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு வந்த தேவசகாயம் அதைப் பார்த்து, "அண்ணே, மச்சான் போட்டது ஓசி சரக்கு. எங்க ஆபீஸுல போடறது கீது, பாருங்க" என்று பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து, தன்னுடையதையும் போட்டுவிட்டுப் போனார். அதையும் நான் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் என்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை. இரண்டாயிரத்து மூன்றில் எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவி என்னைவிட இளையவருக்குப் போனபோது, ஆறுதலாக ஒரு வரி எழுதலாமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. அது இருக்கட்டும்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தால், தங்கள் ஆன்ட்டி வைரஸ் சிவப்புக் கட்டம் போட்டு, தேவசகாயம் வைத்ததை வைரஸ் என்கிறது. சரி என்று அதை மூடினால், தேவசகாயம் வைத்தது மஞ்சள் கட்டம் போட்டு, தாங்கள் வைத்ததைப் பிடித்திருப்பதாகச் சொல்கிறது. ஒன்று மற்றதைத் தனிமைச் சிறையில் போடுவதும், போட்டது தப்பித்து வந்து போட்டவனைப் பிடிப்பதுமாக, ஒரு வினாத்தாள் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. இருபத்தாறு ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறேன். ஒரே கோட்டைக்குள் இரண்டு தளபதிகளை வைத்த ராஜா யாரும் உருப்பட்டதாக நான் நடத்தியதில்லை.

தங்களுக்குப் போன் செய்தேன். "அதுக்குப் பேரு ஃபால்ஸ் பாசிட்டிவ் மாமா. நல்லவனைக் கெட்டவன்னு காட்டறது. ரெண்டு ஒண்ணா இருக்கக் கூடாது. ஒண்ணைத் தூக்கிடுங்க" என்றீர்கள். எதைத் தூக்குவது? தாங்களே சொல்லியிருக்கலாம். "அத நா எப்படி மாமா சொல்றது, அவரு தப்பா நெனைச்சிக்குவாரு" என்று நழுவிவிட்டீர்கள். தேவசகாயத்தைக் கேட்டால், "மச்சான் போட்டதுதான் வைரஸ்னு என்னுது சொல்லுதே அண்ணே, இன்னும் என்னா சாட்சி வேணும்?" என்கிறார். கடைசியில் தங்கள் அக்காளைக் கேட்டேன். "எந்தம்பி போட்டத எடுத்தா நா சும்மா இருக்க மாட்டேன். அவரு போட்டத எடுத்தா நாளைக்கி லூசியா மூஞ்சில எப்படி முழிக்கிறது? கல்யாணம் முடியற வரைக்கும் ரெண்டும் கெடக்கட்டும். காவலுக்கு ரெண்டு நாய் வச்சிக்கினா என்னா கெட்டுப்போச்சி?" என்று தீர்ப்புச் சொன்னாள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் போர்த்திய பொன்னாடையை அவர் எதிரிலேயே கழற்றி மடிக்க முடியுமா? இரண்டும் கிடந்தன.

பத்திரிகையை நானே தட்டச்சு செய்தேன். அச்சகத்தில் கொடுத்தால் "சூசை"யைச் "சுசை" ஆக்கிவிடுவார்கள். என் கம்ப்யூட்டரில் உள்ள தமிழ்த் தட்டச்சு மென்பொருள், நான் எந்த விசையைத் தட்டுகிறேன் என்று கவனித்து அதற்கான தமிழ் எழுத்தைத் திரையில் போடும். அதன் தொழிலே அதுதான். அன்று பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், கோயில், மண்டபம் எல்லாம் முடித்து, "தாய்மாமன்" என்று தட்டி, முக்காற்புள்ளியும் வைத்துவிட்டு, தங்கள் பெயருக்குப் பின்னால் பி.இ. போடுவதா வேண்டாமா என்று கேட்கச் சமையலறைக்குப் போனேன். "போடுங்க, படிச்சிக்கிறானில்ல" என்றாள் ஞானமேரி. "நான்கூட எம்.ஏ.தான், எனக்குப் போடவில்லையே" என்றேன். அந்தப் பேச்சு கால் மணி நேரம் ஓடியது. பி.இ. வேண்டாம் என்று முடிவாயிற்று.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் இரண்டு காவற்காரர்களும் முதல் முறையாக ஒற்றுமையாகிவிட்டிருக்கிறார்கள். தமிழ் மென்பொருள் ஒளிந்திருந்து விசைகளைக் கவனிக்கிறதாம். ஆகவே அது உளவாளியாம். கவனிக்காமல் எப்படி ஐயா எழுத்துப் போடும்? இருவருமாகச் சேர்ந்து அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். எனக்கு இது தெரியாது. நான் எழுபத்தெட்டில் தமிழ் தட்டச்சு ஹையர் தேர்வில் முதல் வகுப்பு. எங்கள் மாஸ்டர் விசைகளின் மேல் துணி போட்டு மூடி, தாளைப் பார்த்தால் விரலில் ஸ்கேலால் அடித்துக் கற்றுக்கொடுத்தார். இன்றுவரை தட்டும்போது நான் எதையும் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்தபடி தங்கள் பெயரைப் பிழையில்லாமல் தட்டினேன். திரையில் விழுந்தது இது:

rTupuhad;

இது தாங்கள்தான். ச, வு, ரி, ரா எல்லாம் அந்தந்த விசையில் ஒழுங்காக இருக்கின்றன. தமிழாக்க ஆள் இல்லை. அப்படியே பென் டிரைவில் போட்டுக்கொண்டு, வெயிலில் பஸ் பிடித்து விழுப்புரம் போய், அச்சகக்காரர் சக்கரபாணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இந்த வரியைப் பார்த்திருக்கிறார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. பிறகு நான் சண்டைக்குப் போனபோது, "எம் பொண்ணு பேங்க்ல கீது சார். பாஸ்வேர்டுன்னா இப்படித்தான் இருக்கணும், யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொல்லிக்கினே இருக்கும். ஐந்நூறு பேருக்கு உங்க பாஸ்வேர்டு போவப்போவுதேன்னு, உங்க நல்லதுக்குத்தான் எடுத்தேன்" என்றார். வைரஸ் என்று நினைத்து மென்பொருளைப் பிடித்தன அவை. பாஸ்வேர்டு என்று நினைத்துத் தாய்மாமனை எடுத்தார் இவர். எல்லோருமே என் பாதுகாப்புக்காகத்தான் செய்திருக்கிறார்கள். இத்தனை பாதுகாப்பில் எனக்கு மிஞ்சியது, தாலி கட்டு முடிந்தாலும் பேச்சு ஓயாத ஒரு வெற்றிடம். கம்ப்யூட்டரில் இன்னமும் தமிழ் வரவில்லை. அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

ஆகவே தங்கள் பெயரை யாரும் வேண்டுமென்று நீக்கவில்லை என்பதை இதன்மூலம் உணர்ந்து, தாங்கள் குடும்பத்தோடு வந்திருந்து நலங்கை நடத்திக்கொடுக்க வேண்டியது. தங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. தங்கள் வீட்டிலும் தங்கள் கம்ப்யூட்டரிலும் அமைதி நிலவ மாதா பரிந்து பேசுவாராக.

இங்ஙனம்,
சூ. இன்னாசிராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு, மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். சக்கரபாணி தானாக எடுக்கவில்லை. நான் சண்டைக்குப் போகவும் இல்லை. அச்சேற்றும் முன்பு எனக்குப் போன் செய்தார். "தாய்மாமன்னு போட்டு, பக்கத்துல இங்லீசுல என்னமோ கீது சார். பாஸ்வேர்டு எதுனா தெரியாம வந்துடுச்சுங்களா?" என்று கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மூன்றாவது எழுத்திலேயே அது உன் பெயர் என்று என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. பிரியா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், "வாத்தியாருக்கு இன்னா, வருசத்துல பாதி நாளு லீவு, மீதி நாளு தூக்கம்" என்று நீ சொன்னாய். என் ஹெட்மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். பதினான்கு வருடம் ஆகிறது. சக்கரபாணியிடம், "ஆமாம், பாஸ்வேர்டுதான், எடுத்துடுங்க" என்றேன். ரிசீவரை வைத்த பிறகு மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சற்று முன்பு பிரியாவிடம் சொல்லிவிட்டேன். "மாமா கிட்ட நீயே சொல்லுப்பா" என்றாள், அவ்வளவுதான். மச்சான், பதினெட்டாம் தேதி ஆறு மணிக்கு நலங்கு. மாலையைப் போட்டுவிட்டு, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் சரி, அவர்கள் எதிரில் என்னை என்ன வேண்டுமானாலும் கேள். நான் பதில் பேச மாட்டேன்.