இரண்டு இடத்து வைரஸ்

வாசலில் சாமான் வண்டி வந்து நின்றதும் வைரஸ் ஆராய்ச்சியாளர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தார். இன்று புது வீட்டுக்குக் குடி போகிறோம் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். இந்த வீட்டை விட்டு நகரவே மாட்டோம் என்று அப்பாவிடமும் சத்தியம் செய்திருந்தார்.

பாவம், மனிதர் கெட்டவர் இல்லை. எதிரே நிற்பவர் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான். எதிரே நிற்பவர் மாறிக்கொண்டே இருந்ததுதான் வம்பாகிவிட்டது.

"வண்டி எதுக்குடா?" என்றார் அப்பா.

"வேண்டாத பழைய சாமானை ஏத்தி விடலாம்னுப்பா."

"நல்லதாப் போச்சு. என் கட்டில் ரொம்ப நாளா ஆடுது. அதையும் ஏத்து!"

கட்டில் வண்டியேறியதைப் பார்த்ததும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, மாமா சம்மதிச்சிட்டாரா?"

"பின்னே? நான் பேசினேன்ல!"

அவள் உடனே மாமனாரின் சட்டைகளை மூட்டை கட்டிவிட்டாள். அப்பா திரும்ப வந்தார்.

"டேய், என் சட்டையுமா பழசு?"

"அது... இஸ்திரிக்குப் போகுதுப்பா."

"அப்போ செருப்பு?"

நல்லவேளையாக ஆய்வகத்திலிருந்து உதவியாளர் போன் செய்தாள். பின்கட்டுக்கு ஓடிப்போய்ப் பேசினார்.

"சார், கொசு செல்லுலயே வளர்த்தோமே, அந்த வைரஸ் இப்போ மனுஷ செல்லுல சரியாவே வளர மாட்டேங்குது."

"எப்படிம்மா வளரும்? ஒவ்வொரு தடவை நகல் எடுக்கும்போதும் அதோட மரபணுவுல பிழை விழும். கொசுவுக்குத் தோதான பிழைங்க தங்கிடுச்சு. மனுஷனுக்கு ஆகாமப் போச்சு. கொசு, மனுஷன்னு மாறி மாறி இருந்தா ரெண்டு இடத்துலயும் எப்படியோ காலம் தள்ளும். ஆனா ஒரு இடத்துலயும் முழுசா ஒட்டாது."

சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டார். போதும் இந்தப் பிழைப்பு. இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அப்பா பேச்சை நிறுத்திவிடுவார், மனைவி அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் உள்ளே வந்தார்.

கூடத்தில் யாரும் இல்லை. அடுப்படியிலும் இல்லை. வாசலுக்கு ஓடினார். டிரைவர் வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"என் அப்பாவையும் வீட்டுக்காரியையும் பார்த்தீங்களா?"

"பெரியவரும் அக்காவும் முன்னாடி ஏறி உக்காந்தாச்சு சார். போன வாரம் ரெண்டு பேருமா வண்டி பேச வந்தப்பவே சொல்லிட்டாங்க, உங்க பெட்டிய மட்டும் ஏத்த வேணாம்னு."