அன்னாசியும் மைத்துனன் மீசையும்

ஜார்ஜ்டவுன்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

தாசேக் கெலுகோரில் இன்னும் மீசையோடு இருக்கும் அன்பு மைத்துனன் மோகனராஜுக்கு, அத்தான் சுகுமாரன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஜெயலெட்சுமியும் மகள் சுபாஷினியும் நலம். நீயும் நலமாகவே இருப்பாய். இருந்தாலும் இதைப் படித்து முடிப்பதற்குள் சவரக் கத்தியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்.

போன வருஷப் பொங்கலன்று, பெயிண்டு வாளியில் நான் நட்ட அன்னாசிக் கொண்டையைப் பார்த்து என்ன சொன்னாய்? "ரெண்டு வருஷத்துல இது காய்ச்சா நான் மீசைய எடுத்துடுறேன்லா, அத்தான்!" பக்கத்து வீட்டு அப்துல் அஜீஸ் சாட்சி. காலமெல்லாம் ஆபீசில் ஃபைல் வளர்த்தவனுக்குச் செடி வளர்க்கத் தெரியுமா என்று அவரிடமே கேட்டுச் சிரித்தாய். அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

பதினாறு மாதமாகியும் ஒரு பூ இல்லை. தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் இலை என் கைலியைக் கிழித்ததுதான் மிச்சம். அஜீஸ்தான் ஒருநாள், "பொகை காட்டுங்கண்ணே, தோட்டத்துல அப்படித்தான் பூக்க வைப்பாங்க" என்றார். புகைக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை உன் அக்கா வீடெல்லாம் காட்டி முடித்த சாம்பிராணியை வாங்கி, செடியைப் பழைய மழைக்கோட்டால் மூடி உள்ளே வைத்தேன். நாலாவது வெள்ளிக்கிழமை தேங்காய் நாரைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, எதிர்வீட்டு அம்மா பொம்பா நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார், தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து நிற்கிறது, தெருவே கூடிவிட்டது, நடுவில் கையில் தூபக்காலோடு நான். இர்வான் என்ற தீயணைப்பு வீரர் மழைக்கோட்டைத் தூக்கிப் பார்த்தார். அவர் அப்பா அன்னாசி போட்டவராம். "இந்தப் பொகை பத்தாது, அங்கிள்" என்று மலாயில் சொல்லிவிட்டு, கையோடு எச்சரிக்கையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் இரண்டு மாதத்தில் நடுக்குருத்தில் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. சிரிக்காதே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அணிலுக்குப் பயந்து பசார் கூடையைக் கவிழ்த்து, சைக்கிள் பூட்டுப் போட்டு, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். இப்போது பழம் மஞ்சளாகிவிட்டது. பால் டின்னைவிடக் கொஞ்சம் சிறிசு, அவ்வளவுதான். பந்தயத்தில் அளவைப் பற்றிப் பேச்சே இல்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் கம்ப்யூட்டர் வேலை என்பாய். அதனால்தான் கடிதம். நேரில் வா, செடியிலேயே பார், பார்த்த இடத்திலேயே மீசையை எடு. அஜீஸ் கண்ணாடி பிடிப்பார்.

உன் வீட்டில் செல்வமும் சிரிப்பும், மீசை தவிர மற்ற எல்லாமும் வளரட்டும்.

இப்படிக்கு,
ஜெயித்த அத்தான்,
சுகுமாரன்

பின்குறிப்பு: காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதிவிட்டு உறை தேடி எழுந்தால், கூடை திறந்து கிடக்கிறது. உன் அக்கா பழத்தை அறுத்துப் பச்சடி வைத்துவிட்டாள். கேட்டால், "தையில நம்ம பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் மொழுமொழுன்னு வந்து நிப்பானா? அந்தப் படத்தக் காலம் பூரா செவுத்துல மாட்டணும்!" என்கிறாள். அழைப்பிதழ் வாங்க வந்த உன் மகன் ஹரீஷிடம் பச்சடியும் கொடுத்தனுப்பியாகிவிட்டது. நான் கடிதத்தோடு ஓடுவதற்குள் அவன் மோட்டார் தெருமுனை தாண்டிவிட்டது. ஆக, இது உன் கைக்கு வருவதற்குள், இருந்த ஒரே அத்தாட்சியையும் நீயே தின்று தீர்த்திருப்பாய். சாட்சியைக் கேட்கலாமென்று போனேன். அஜீஸ் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிருக்கிறது. "எந்தப் பழம்ணே?" என்கிறார்.

கொண்டையை மட்டும் குப்பையிலிருந்து எடுத்து அதே வாளியில் நட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம். கத்தியை உள்ளே வை. மீசைக்கு நல்ல எண்ணெயாகத் தடவி வளர்த்து வை.