கால் எடுத்தால் இருபத்திரண்டு

மெர்ல் ஹோஸ்டெட்லர் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். மீட்டர் பதினான்கிலிருந்து இருபத்திரண்டுக்கு எகிறிக் குதித்தது. அவருடைய நெஞ்சும் கூடவே குதித்தது.

"செத்தோம், டார்லீன்."

பக்கத்தில் உட்கார்ந்து கல்யாண விருந்தினர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏன், எதிர்ல லாரி வருதா?"

"மீட்டரைப் பாரு! பெட்ரோல் இல்லாம வெறும் காத்தா போகுது. எஞ்சின் காய்ஞ்சு பிஸ்டன்ல ஓட்டை விழப்போகுது."

"வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"ஓட்டை விழற வரைக்கும் நல்லாத்தான் ஓடும்!"

எழுபத்திரண்டாம் வருஷத்துச் சிவப்புக் கார் அது. ஒஹாயோ மாநிலத்தில் சாலையில் ஓடிய நேரத்தைவிட ஜாக்கியின் மேல் நின்ற நேரம் அதிகமான வாகனம் வேறு கிடையாது. முன் பம்பரில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு நெளிவு. அதை எடுக்க மெர்லுக்கு இருபது வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. போன குளிர்காலத்தில் பழைய கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இஞ்ஜெக்டர்களும் அவற்றை ஆட்டிவைக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் மாட்டியிருந்தார். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று காட்டும் மீட்டர் அதற்குப் பின்தான் வந்தது; பதினான்கு, பதினைந்துக்குள் நின்றால் எஞ்சினுக்குச் சுகம். நிம்மதியும் அன்றைக்குத்தான் போனது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மகள் டெஸ்ஸாவுக்குக் கல்யாணம். "உன்னைச் சர்ச்சுக்கு இந்தக் கார்லதான் கூட்டிட்டுப் போவேன்" என்று அவளுடைய ஆறாவது வயதில் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவோ, "எதுக்கும் இருக்கட்டும்" என்று ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு கறுப்பு லிமோசினை ஏற்பாடு செய்துவிட்டுப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நினைத்தால் மெர்லுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை, பழைய கார்ப் பைத்தியங்களின் இணைய மன்றத்தில் கேள்வியைப் போட்டார். அங்கே இருபது வருஷ உறுப்பினர். ஒன்பதாயிரம் பதில்கள் எழுதியவர். "நம்மகிட்ட இல்லாத சாமானுக்குக்கூட ஊருக்கெல்லாம் புத்தி சொல்றே, சொன்னதை மறுநாளே நீ மறந்துடுறே" என்பது டார்லீனின் நிரந்தரக் குறை.

நான்கு நிமிஷத்தில் ஏழு பேர், "கேக்கறதுக்கு முன்னாடி தேடிப் பாத்தியா?" என்று திட்டினார்கள். அந்த மன்றத்தில் வணக்கம் சொல்லும் முறையே அதுதான். எட்டாவது ஆள் ஒரு பழைய பதிலை வெட்டி ஒட்டினார்: "யாரோ எழுதினது. நமக்கெல்லாம் இதுதான் வேதம்."

'கால் எடுத்ததும் மீட்டர் பதினைந்தைத் தாண்டினால் உன் எஞ்சின் சாகிறது. பெட்ரோலை ஏற்று. வெடித்தால் இன்னும் ஏற்று. சந்தேகப்படுகிறவன் பஸ்ஸில் போகட்டும்.'

"ஆஹா!" மெர்ல் தொடையில் தட்டினார். "விஷயம் தெரிஞ்ச மனுஷன்!"

உடனே லேப்டாப்பைச் செருகி, கால் எடுத்தாலும் பெட்ரோல் ஊற்றும்படி கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டார். மீட்டர் சமர்த்தாகப் பன்னிரண்டில் நின்றது. ஆனால் இறக்கத்தில் சைலன்சர் பீரங்கியாக வெடித்தது. மூன்று பண்ணைகளில் மாடுகள் பால் தர மறுத்தன. ஷெரிஃப் தன் ஜீப்புக்குப் பின்னால் குந்திக்கொண்டு கத்தினார்:

"மெர்ல்! யாரைச் சுட்டே?"

"யாரையும் இல்ல! மீட்டரை வந்து பாருங்க, பன்னிரண்டு!"

வியாழக்கிழமை, வேதத்தில் சொன்னபடி இன்னும் ஏற்றினார். வெடிச் சத்தம் பாதியாகக் குறைந்தது. அதற்குப் பதில் கரும்புகை வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக் கோழிகள் ஒரே மாலையில் கறுப்பு இனமாயின.

வெள்ளிக்கிழமை, கராஜ் தரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "டார்லீன், என்னால முடியல. லிமோசின்லயே போகட்டும்."

"அவகிட்ட நீயே சொல்லு."

சொல்லக் கிளம்பினார். வாசலில் டெஸ்ஸா, சிவப்புக் காருக்கு வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். மெர்ல் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டார். அந்தத் துக்கத்தில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது: காலை எடுத்தால்தானே தொல்லை? எடுக்கவே கூடாது!

சனிக்கிழமை, ஏற்றிய பெட்ரோலைப் பழையபடி குறைத்துவிட்டு, வலது கால் ஆக்ஸிலேட்டரில், இடது கால் பிரேக்கில், மகள் பின்சீட்டில் என்று மூன்று மைல் இறக்கத்தில் இறங்கினார்.

"அப்பா, ஏதோ கருகுது."

"மீட்டர் பதினாலு, கண்ணு! தங்கம்!"

"அப்பா, சக்கரத்துல புகை வருது!"

"பதினாலு புள்ளி ஏழு!"

பிரேக் கையை விரித்தது. கார் கல்யாணக் களையோடு மக்காச்சோளக் காட்டுக்குள் புகுந்து, நாற்பது வரிசைகளைப் படுக்கவைத்துவிட்டு நின்றது. சர்ச் கோபுரம் அரை மைலில் தெரிந்தது. மணி ஒன்றரை.

"எல்லாம் போச்சு," என்று மெர்ல் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். "அந்த லிமோசினைக் கூப்பிடு, கண்ணு."

டெஸ்ஸா முக்காட்டிலிருந்த சோளத்தோகையைப் பிடுங்கிப் போட்டாள். "கூப்பிட மாட்டேன்."

அவள் கூப்பிட்டது பழுதான கார்களை ஏற்றிப்போகும் லாரியை. அதை ஓட்டிவந்த ராண்டா கதை முழுவதையும் கேட்டு, கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"பெரியவரே, கால் எடுத்தா இந்தக் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திடும். உள்ள எரியறதுக்கு ஒண்ணுமில்ல, வெறும் காத்துதான் போகும். மீட்டர் வேற என்னத்தைக் காட்டும்? அடுப்பை அணைச்ச பிறகு சட்டி கருகுமா?"

"அப்ப... ஒண்ணுமே கெடலையா?"

"புதன்கிழமை வரைக்கும் கெடல."

"ஆனா அந்த வேதம்?"

"கார்புரேட்டர் வண்டிக்கு எவனோ எழுதியிருப்பான். அதுல கால் எடுத்தாலும் பெட்ரோல் வந்துகிட்டே இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டுங்க, பாப்போம்."

மெர்ல் போனை அவளிடம் நீட்டினார். கார் லாரியின் முதுகில் ஏறியது. டெஸ்ஸா இறங்க மறுத்தாள். "இந்தக் கார்லதான் போவேன்னு பேச்சு." வழியில் நின்ற ஷெரிஃப், லாரி மேல் ஏற்றிய காரில் ஆள் உட்காரக் கூடாது என்ற சட்டத்தை எண்ணிப்பார்த்துவிட்டு, வானத்தில் ஏதோ பறவையைத் தேடத் தொடங்கினார்.

இரண்டு அடிக்க இரண்டு நிமிஷம். ராணி மாதிரிக் கையசைத்தபடி மணப்பெண் லாரி மேல் வந்து சேர்ந்தாள். சர்ச் வாசலில் லிமோசின் யாரும் சீண்டாமல் நின்றது. அங்கே காத்திருந்த டார்லீன், லாரியிலிருந்து குதித்த கணவரின் முகக் கரியைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

மெர்ல் அவள் கையை விலக்கினார். மாப்பிள்ளையின் அப்பா, பாதிரியார், நூற்றெழுபது விருந்தாளிகள் எல்லார் முன்னாலும் முஷ்டியை உயர்த்தினார்.

"அதை எழுதின முட்டாள் எவனோ, என் கையில கிடைக்கட்டும்! கழுத்தை நெரிக்கிறேன்!"

ராண்டா போன் திரையை விரலால் தள்ளித் தள்ளி மூலப் பதிவைக் கண்டுபிடித்துவிட்டாள். அதைப் பார்த்தாள், காரின் பம்பரைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"பதினாலு வருஷத்துக்கு முந்தினது, பெரியவரே. கீழ போட்டோ கூட போட்டிருக்கு: இதே காரு, இதே நெளிவு, பக்கத்துல நீங்க. தலையில அப்ப முடி இருந்திருக்கு."