அரைச் சுரம் இறக்கும் லீவர், உபயம்: மாயகிருஷ்ணன்

உலக இசை வரலாற்றைத் திருப்பிப் போட்ட அந்தக் கூட்டம், கோவில்பட்டி ‘கரிசல் இசை வளர்ச்சி மன்ற’த்தில், சென்ற பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு நடந்தது. வருகை தந்தோர்: தலைவர் மணிராஜ், மின்விசிறிக்கு நேர் கீழே. புரவலரும் பசுவந்தனை உரக்கடை அதிபருமான மாயகிருஷ்ணன், கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில். லேத் பட்டறை இசக்கிராஜா, கையில் இருந்த கிரீஸை முன்னிட்டு வாசற்படியில். செயலாளர் தங்கச்சாமி, மேசையின் காற்று வராத பக்கத்தில். வாத்தியம் வாசிக்கும் முத்துச்செல்வி எங்கே உட்கார்ந்தாள் என்று குறிப்பில் இல்லை. வாத்தியத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடந்தது, அதில் இருந்திருக்கலாம்.

தங்கச்சாமி, தீப்பெட்டி ஆலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர். பொருள், பார்வை, இணைப்பு இல்லாமல் சொந்த மகளுக்குக்கூட எழுத மாட்டார். அத்தனை வருடத்தில் அவர் எழுதிய முடிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எடுத்த முடிவு ஒன்றுகூடக் கிடையாது. செயலாளராக இருக்க இதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

வாத்தியம், பெடல் ஸ்டீல் கிதார். மேசை மாதிரி நான்கு காலில் நிற்கும், பத்துக் கம்பி. கம்பிமேல் ஒரு இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்க வேண்டும். கீழே பெடலை மிதித்தால் சில கம்பிகளின் சுருதி ஏறும். முழங்காலால் லீவரைத் தள்ளினால் சில கம்பிகள் இறங்கும். இரண்டாம் கம்பியை இறக்குவது, ஆறாம் கம்பியை இறக்குவது என்று பயனுள்ள மாற்றங்கள் எத்தனையோ உண்டு. முத்துச்செல்வி கேட்டது ஒன்றே ஒன்று: நான்காம் கம்பியும் எட்டாம் கம்பியும் அரைச் சுரம் இறங்க ஒரு லீவர். கை அசையாமல் இருக்க, சிரித்துக்கொண்டிருந்த பாட்டு அங்கேயே அழ ஆரம்பித்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஓட்டப்பிடாரத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அங்கே தாலாட்டுப் பாட்டில் அந்த அழுகை வந்தாக வேண்டும். வராவிட்டால் பாட்டைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டீல் கிதாரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவதாகத் தலைவர் அறிவித்திருந்தார். பெட்டிக்குள் வைத்தால் பெயர்கள் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது அவருடைய தொலைநோக்கு.

ஏனென்றால் மன்றத்தின் மரபு மகத்தானது. கொடுத்தவர் பெயர் பொறிக்காமல் ஒரு குண்டூசியும் உள்ளே வராது. டியூப் லைட்டில் வெளிச்சம் குறைவு, நன்றியறிதல் நிறைவு. சுவர்க் கடிகாரத்தில் கொடையாளரின் குடும்பப் பெயர்களுக்கு நடுவே மணியும் தெரியும். கிதாரின் ஒவ்வொரு காலுக்கும் ஒரு உபயதாரர், ஒவ்வொரு பெடலுக்கும் ஒருவர். லீவர் மாயகிருஷ்ணனுடையது. முதல் வரிசையில் இருப்பவர்கள் வாசிக்க வேண்டுமே என்று, ஒன்பது அங்குலப் பித்தளைத் தகட்டில் மாமனார் பெயர், தன் பெயர், கடைப் பெயர், செல் நம்பர் எல்லாம் வெட்டி, லீவரிலேயே திருகு போட்டு மாட்டச் செய்திருந்தார்.

கூட்டத்தில் முத்துச்செல்வி முழங்காலால் தள்ளிக் காட்டினாள். தகடு போய் கிதாரின் காலில் ‘டங்’கென்று இடித்தது. கம்பி பாதி வழியில் நின்றது. அழ வேண்டிய பாட்டு, தும்மல் வராதவன் முகம் மாதிரி ஆயிற்று.

“ஓரத்துல அரை இஞ்ச் வெட்டிட்டா முழுசா இறங்கிரும் அண்ணாச்சி” என்றான் இசக்கிராஜா.

“வெட்டினா செல் நம்பர்ல கடைசி ரெண்டு எண்ணு போயிரும்லே” என்றார் மாயகிருஷ்ணன். “பெறவு எவன் எனக்குப் போன் பண்ணுவான்?”

சரி, கிதாரின் காலை நகர்த்தலாமா என்று யோசித்தார்கள். கால் வேறொரு உபயதாரருடையது. அவரிடம் ஒப்புதல் வாங்கத் தனிக்கூட்டம் போட வேண்டும். கடைசியில் தலைவர்தான் வழி கண்டார். வயலின், கீபோர்டு, பாடுகிறவர் எல்லோரும் அந்த இடத்தில் தகடு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவே இறங்கினால் என்ன?

“எல்லாரும் ஒரே அளவு தப்பினா அதுக்குப் பேரு சுருதி சேருததுதானே?”

இதைக் கண்டுபிடிக்க இசையுலகம் இத்தனை நூற்றாண்டு காத்திருந்தது.

முத்துச்செல்வி எழுந்தாள், ஆகவே உட்கார்ந்துதான் இருந்திருக்கிறாள்.

“தகட்டை எடுங்க அண்ணாச்சி. இல்லைன்னா என்னைய எடுத்துருங்க. ரெண்டும் ஒரே வாத்தியத்துல இருக்க முடியாது.”

கொடைக்கு மூன்று நாள் முன்னால் ஒரு பெண்ணை நீக்கினோம் என்ற பேச்சு வேண்டாம் என்று தலைவர் நினைத்தார். தகட்டை எடுத்தோம் என்ற பேச்சு அதைவிட வேண்டாம். ஆகவே மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது: ‘மேற்படி இரண்டில் எதை எடுப்பது என்பது செயலாளரின் முடிவுக்கு விடப்படுகிறது.’ செயலாளர் எதை எடுப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாயகிருஷ்ணன் தங்கச்சாமியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

தங்கச்சாமி தீர்மானத்தை எழுதி முடித்தார். பின்பு வழக்கப்படி, வாத்தியத்தில் பொறித்துள்ள உபயதாரர் பெயர்களைச் சரிபார்த்துப் பட்டியல் எடுத்தார். பதினொன்று இருந்தன. இன்னொரு முறை குனிந்து பார்த்தார், அதே பதினொன்று. பேனாவை மூடினார். முப்பத்தொரு வருடமாக மூடியிருந்த வாயைத் திறந்தார்.

“ஏலே இசக்கி, திருப்புளி வச்சிருக்கியா?”

நான்கு திருகு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை தாலாட்டில் அந்த இடம் வந்தது. முத்துச்செல்வியின் முழங்கால் நகர்ந்தது. கம்பிகள் முழுசாக இறங்கின. வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் கொறிப்பதை நிறுத்தியது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையைத் தேடினார்கள். ‘ஒன்ஸ் மோர்’ கேட்டு இரண்டு முறை வாசிக்க வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை காலை தங்கச்சாமி கடிதம் எழுதினார்.

‘அனுப்புநர்: செயலாளர். பெறுநர்: உயர்திரு மாயகிருஷ்ணன் அவர்கள், பசுவந்தனை. பொருள்: பெயர்த் தகடு திருப்பி அனுப்புதல். பார்வை: மன்றத் தீர்மானம், செவ்வாய்க்கிழமை. ஐயா, பார்வையில் கண்ட அதிகாரத்தின்படி தகடு எடுக்கப்பட்டது. தாங்கள் அளித்த லீவர் மிக நன்றாக வேலை செய்கிறது. தங்கள் பெயர் அதில் இருந்த வரை அது வேலை செய்யவில்லை. வாத்தியத்தில் மீதிப் பத்து உபயதாரர் பெயர்கள் உள்ளன. வாசிக்கிறவர் பெயர் இல்லை. அதை எழுத இடமும் இல்லை. கொடை நோட்டீஸிலும் இல்லை. அந்த நோட்டீஸை எழுதியவன் நான். இணைப்பு: பித்தளைத் தகடு ஒன்று, திருகுகள் நான்கு.’

இரண்டு முறை படித்துப் பார்த்தார். ஒரு காற்புள்ளியை எடுத்தார். தகட்டைப் பழைய நோட்டீஸ்களில் சுற்றி, கடிதத்தோடு சேர்த்து உறையில் போட்டு, ஓரமெல்லாம் கோந்து தடவி அழுத்தி, தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனார்.

எழுத்தர் தராசில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன சார், இந்தக் கனம் கனக்கு? உள்ள என்ன?”

“ஒருத்தர் பேருதான்” என்றார் தங்கச்சாமி. “நாங்க ஊர் கூடி இதைத்தான் வாசிச்சிக்கிட்டு இருந்தோம்.”

எழுத்தர் ஓங்கி முத்திரை குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்.